யாருக்கு இந்தப் பூ?

"யாரைக் கேட்டுடி இங்க வேலி போட்டீங்க?"

செம்பட்டை முடி காற்றில் பறக்க, குதிரையில் இருந்தபடியே கத்தினார் ஹோல்கம் துரை. கெசியா நிமிர்ந்து பார்த்தாள். புதைகுழியின் மண்ணைத் தட்டிச் சரிசெய்தாள். இரண்டு மாதத்துக்கு முன்புவரை அவள் அவருடைய அடிமை.

அமெரிக்காவின் தெற்கே, சார்ல்ஸ்டன் நகரத்தின் குதிரைப் பந்தயத் திடல் அது. அடிமை முறைக்காக வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரில் பிடிபட்ட வடக்குச் சிப்பாய்களைத் தெற்குக்காரர்கள் அங்கே வெட்டவெளியில் அடைத்து வைத்திருந்தார்கள். பசியிலும் காய்ச்சலிலும் செத்தவர்களைப் பள்ளத்தில் தள்ளி மூடினார்கள். விடுதலையான கறுப்பு மக்கள் இப்போது அவர்களைத் தோண்டியெடுத்து, ஆளுக்கொரு குழியில் முறையாக அடக்கம் செய்திருந்தார்கள். விடிந்தால் ஊரே பூவோடு வரப்போகிறது.

"என் மகன் எட்வினைச் சுட்டுக் கொன்ன கூட்டம் இது. இவனுங்களுக்குப் பூவா?"

"ஆமா, பூதான். பாட்டும் உண்டு. அடுத்த வருசமும் வைப்போம், அதுக்கடுத்த வருசமும் வைப்போம்."

"வாய் ரொம்ப நீளுது!"

"நாய் செத்தாக்கூட குழி வெட்டிப் புதைப்பீங்களே துரை! இவங்களக் குப்பை மாதிரி கொட்டிட்டீங்க. தோண்டுறப்போ யார் கை, யார் காலுன்னே தெரியல."

மண்வெட்டியால் குழிமேட்டை ஓங்கித் தட்டினாள்.

துரை கெக்கலித்தார். "உனக்கேன்டி இவ்வளவு பொத்துக்கிட்டு வருது? இதுல ஒருத்தனாவது உன் சொந்தமா? இங்க கெடக்கிறது பூரா வெள்ளைக்காரப் பட்டாளம்!"

"ஒருத்தன் இருக்கான். என் பிள்ளை சைலஸ்."

"சைலஸா? ஜார்ஜியாக்காரனுக்கு வித்தேனே, அந்தப் பயலா?"

"அவனேதான். தப்பிச்சு வடக்கே போயிட்டான். வெள்ளைக்காரன்னு நெனச்சே பட்டாளத்துல சேர்த்துக்கிட்டாங்க. அவனோட அடைபட்டுக் கெடந்தவர் வந்து சொன்னாரு."

"அடிமை வயித்துல பொறந்தவன வெள்ளைக்காரன்னு எவன்டி நம்புவான்?"

கெசியா மண்வெட்டியைக் கீழே எறிந்தாள். நேரே போய்க் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தாள். வாழ்நாளில் முதல்முறையாக அவருடைய பூனைக்கண்ணை நேருக்கு நேர் பார்த்துப் பேசினாள்.

"இந்தப் பூனைக்கண்ணையும் செம்பட்டை முடியையும் பார்த்தா எவன்தான் நம்பமாட்டான்? எட்வினோட தம்பின்னு தெரிஞ்சுதானேடா அவனை வித்தே!"