முப்பத்தேழு டிகிரி

உடல்சூட்டில்தான் அந்த வயிற்றுக்கடுப்புக் கிருமியின் நச்சு மரபணுக்கள் விழிக்கும்; அப்போது அது வளர்ப்புத் தட்டில் சிவந்து தெரியும். சூடு குறைந்தால் வெளுத்துவிடும். அந்த நச்சு மரபணுக்களை எழுப்பும் மரபணுவை வான்மதி ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். ஆய்வகத்தில் சேர்ந்த ஆறே மாதத்தில் ஜெசிந்தா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து வான்மதிக்குச் சோறு இறங்கவில்லை.

பேராசிரியர் ஜெசிந்தாவிடம் அதை மறுபடி செய்துகாட்டச் சொன்னபோது, வான்மதி யாருக்கும் தெரியாமல் வளர்ப்புப் பெட்டியின் சூட்டை முப்பதுக்கு இறக்கினாள். மறுநாள் தட்டுகள் எல்லாம் வெளுத்திருந்தன.

“நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன்க்கா. கூட இருந்து பாக்குறீங்களா?” என்றாள் ஜெசிந்தா.

வான்மதி கூட இருந்தாள். சூட்டை யாரும் பார்க்காமல் அவளே மறுபடி முப்பத்தேழுக்கு ஏற்றி வைத்தாள். தட்டுகள் சிவந்தன.

“அக்கா கை பட்டதும் வந்துருச்சு சார்.”

“அப்படி என்னம்மா மாத்துன?” என்று பேராசிரியர் வான்மதியைக் கேட்டார்.

எழுதிக்கொள்ள ஜெசிந்தா குறிப்பேட்டைத் திறந்தாள்.