முப்பத்தாறுக்குப் பிறகு

"கேமராவத் திறந்து பாத்திருவோம்."

"திறந்தா வெளிச்சம் பட்டு அம்புட்டும் போச்சு—"

"ஒரு பிலிமுக்கு முப்பத்தாறு படந்தான் வடிவு. இது முப்பத்தொன்பதுக்குல்லா போகுது—"

"ஒண்ணு ரெண்டு கூடத்தான் வரும். பேசாம இருங்க."

"உள்ள ஒண்ணுமே விழலன்னா?"

திருச்செந்தூர். முடி இறக்கும் மண்டபம். அவளுக்கு முன்னால் இரண்டே பேர்.

அவிழ்த்துவிட்ட கூந்தல் முழங்காலைத் தொட்டது. கடற்காற்றில் பறந்து அவன் முகத்தில் அடித்தது. அவன் விலக்கவில்லை.

"நுனியில கொஞ்சம் வெட்டி பூமுடி குடுத்தாப் போதும்னு சொன்னேன்லா."

"நீங்க ஆஸ்பத்திரியில மூச்சுப் பேச்சில்லாமக் கெடந்தப்போ, நான் பூமுடின்னா நேந்துக்கிட்டேன்?"

அவன் கை ஓயவில்லை. பிலிமை நகர்த்தும் லிவரை இழுத்தான். வழுக்கிக்கொண்டு வந்தது.

போன வாரம் மதுரையில் வாங்கிய கேமரா. பழையது. நல்ல கனம். பேட்டரி கிடையாது. கடையில் இருந்த மூன்றையும் காதில் வைத்து அழுத்தி அழுத்திக் கேட்டுவிட்டு, இதன் சத்தம்தான் சத்தம் என்றான்.

கடைக்காரர் பேசியது அவள் காதில்தான் விழுந்தது. லிவரை இழுத்தால் இந்தப் பக்கக் குமிழும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பிலிம் உள்ளே மாட்டவில்லை என்று அர்த்தம்.

காலையிலிருந்து எடுத்துத் தள்ளினான்.

பின்னலோடு. பூவோடு. ஈரத்தோடு.

எல்லாமே முதுகு.

"திரும்பாத, திரும்பாத. மறுபடி வளர்ற வரைக்கும் இதப் பாத்துக்கிடுதேன்."

ஒரே ஒருமுறை திரும்பினாள். அவன் லிவரை இழுத்துக்கொண்டிருந்தான். அவன் கைகளையே, அந்தக் குமிழையே பார்த்தாள்.

பிறகு மறுபடி கடலைப் பார்த்து நின்றுகொண்டாள்.

"அடுத்த ஆளு வாங்க."

தலையில் தண்ணீர். நெற்றிமேட்டில் கத்தியின் குளிர். மடியில் விழுந்தது அவ்வளவு பாரமாக இருக்குமென்று அவள் நினைக்கவில்லை.

தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்தாள்.

அவன் படியில் உட்கார்ந்திருந்தான். மடியில் கேமரா, அதன் முதுகு திறந்து கிடந்தது. காலையில் செருகிய பிலிமின் நாக்கு செருகிய இடத்திலிருந்து நழுவி, சும்மா நீட்டிக்கொண்டிருந்தது; மீதிச் சுருள் அதன் டப்பிக்குள்ளேயே இருந்தது.

"ஒண்ணுகூட விழல, வடிவு."

அவன் நிமிரவில்லை. அவள் பாதங்களோடு பேசினான்.

அவள் ஒரு படி இறங்கி, அவனுக்கு நேர் எதிரே நின்றாள்.

"அதையே திரும்ப மாட்டுங்க. இந்தத் தடவை அந்தக் குமிழு சுத்துதான்னு பாத்துக்கிட்டு, என் மூஞ்சிய எடுங்க."