தெருவுக்கு ஒரு சப்பரம்

பங்குக் கோயில் அலுவலகத்தின் கணினித் திரையில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. வெளியே மைக்செட்காரர் “ஹலோ, ஹலோ” என்கிறார். மாலைக் கொடியேற்றத்தில் பங்கின் இணையதளத்தைத் திறக்க வேண்டும். படங்களையும் வீடியோக்களையும் ஏற்ற சர்வரில் எவ்வளவு இடம் வாங்குவது என்பதே தளத்தை உருவாக்கும் ஜெசிக்குப் பிடிபடவில்லை. அவள் கூட்டி முடித்து ஓர் எண்ணை அடிக்கும்போதெல்லாம் விழாக் கமிட்டித் தலைவர் இருதயம் இன்னொரு பென் டிரைவை நீட்டுகிறார். “போன வருசம் ஊரைச் சுத்துனது ஒரே சப்பரம்தான மாமா? எதுக்கு இத்தனை வீடியோ?” “தெருவுக்கு ஒண்ணு எடுத்திருக்காக ஆத்தா. ஒரு தெருவ விட்டாலும் அந்தத் தெருக்காரக இந்த வருசம் சப்பரத்துக்குத் தோள் கொடுக்க மாட்டாக.” பல்லைக் கடித்தபடி ஐம்பது ஜிபி என்று மாற்றி, பணம் கட்டும் பொத்தானை அழுத்துகிறாள். வாசலில் பைக் வந்து நிற்கிறது. தெற்குத் தெரு ஆண்டனி ராஜ், கையில் ஹார்டு டிஸ்க். “ட்ரோன்ல எடுத்தது, தாயி. வெட்டாம முழுசாப் போட்ரு.”