சிறந்த தலைவர் விருது

கனடாவிலிருந்து முதலாளி பஞ்சலிங்கம் கணினித் திரையில் தோன்றியதும் கிளிநொச்சி மென்பொருள் அலுவலகம் அமைதியானது.

“கொம்பனி துவங்கின நாள்தொட்டு இப்பத்தான் ஒரு வேலை சொன்ன நேரத்துக்கு முடிஞ்சிருக்கு. பிழை எண்டு ஒரு கஸ்டமரும் கோல் எடுக்கேல்லை. எல்லாம் றஜித்தின்ர தலைமைத்துவம்!”

குழுத் தலைவர் றஜித் அடக்கமாகத் தலைகுனிந்தார். பழக்கமில்லாத வேலை என்பதால் கழுத்துச் சற்று நொந்தது.

“முந்தி காலமையும் பின்னேரமும் கூட்டம் வைப்பீர். போன மாதம் ஒண்டும் வைக்கேல்லையாம்?”

“பிள்ளையளை நம்பி விட்டிட்டன் சேர்.”

“கம்சான்ர வேலையில நீர் கை வைக்கேல்லையாம்?”

“சுதந்திரம் குடுத்தாத்தானே சேர் திறமை வளரும்.”

குழுவில் வேலை செய்யும் கம்சா பக்கத்து மேசை மேனுகாவைப் பார்த்தாள். மேனுகா தண்ணீர்ப் போத்தலுக்குள் சிரிப்பை மறைத்தாள்.

“அருமை! இந்த வருசம் சிறந்த தலைவர் விருது உமக்குத்தான். போன மாதம் செய்ததையே இனி ஒவ்வொரு மாதமும் செய்யும்.”

“கட்டாயம் சேர்.”

திரை அணைந்தது. றஜித் கட்டுப் போட்ட காலைக் கதிரையிலிருந்து மெல்ல இறக்கி, ஊன்றுகோலைத் தேடினார். மாங்குளத்தில் றோட்டில் படுத்திருந்த மாட்டோடு மோட்டார் சைக்கிளை மோதி, போன மாதம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். முதலாளிக்கு அதைப்பற்றி மூச்சும் விடவில்லை.

“பிள்ளையள், உடன ஒரு கூட்டம் வைப்பமோ?”

கம்சா மிகப் பணிவாகச் சொன்னாள்:

“சேர், போன மாதம் செய்ததையே செய்யச் சொன்னவர் முதலாளி. மாடு இப்பவும் மாங்குளத்திலதான் படுத்திருக்கு.”