பெத்தம்மாளின் கைநாட்டு

மலேசியாவில், ஜாசின் பக்கம் ஒரு முதியோர் இல்லம். இனி பிழைக்கமாட்டார்கள் என்றானவர்களைப் பற்றி டாக்டர் குடும்பத்தோடு பேசும் கூட்டத்தில், அந்த நோயாளிகளின் விருப்பத்தைச் சொல்வது நர்ஸ் பவானேஸ்வரியின் வேலை. அன்று பெத்தம்மாளுக்கான கூட்டம்.

“அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வேண்டாமாம். மூக்குல டியூப்பும் வேண்டாமாம். காலையில கேட்டு எழுதி, கைநாட்டு வாங்கிட்டேன்.”

மகன் ஹரிதாஸ் தாளை வெகுநேரம் பார்த்தார்.

“எந்தக் கை, மிஸ்ஸி?”

“வலது கை. பெருவிரல்.”

“அந்த வெரல் இல்ல லா. தோட்டத்துல ரப்பர் ஷீட்டு மிஷின்ல போயிருச்சு. நான் அப்ப ஸ்கூல்கூட போகல.”

பவானேஸ்வரிக்கும் அது தெரியும். அந்தக் கையைத் தினமும் கழுவித் துடைப்பவள் அவள்தான். காலையில் மைப்பெட்டியில் அந்த விரலைப் பிடித்து அழுத்தியபோது ஏன் அது நினைவுக்கு வரவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை.

“அப்ப இத என்ன செய்யறது?” என்றார் டாக்டர்.

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். ‘என்னை அனுப்பிடாத’ என்று காலையில் பெத்தம்மாள் அந்த வலது கையால் இறுக்கிப் பிடித்த இடம். நான்கு விரல்களின் தடம் லேசாகச் சிவந்திருந்தது. ஐந்தாவது நீல மையில் இருந்தது.