ஏழு கழுத்துக் கயிறுகள்

கண்மாயைப் பறவைகள் சரணாலயமாக்கி, எருமை இறங்கினால் வழக்கு என்று பலகை நட்டு மூன்று வருஷமாகிறது. மேயும் வாய் இல்லாத புல் தண்ணீரையே மூடிவிட்டது. போன வருஷம் வந்த நாரைகள் இறங்க இடமில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயின. இந்த வருஷம் சுற்றக்கூட வரவில்லை. அன்று எருமைகளைத் தடியால் விரட்டிய வனத்துறை ரேஞ்சரே, எருமைகளோடு வா என்று ஏழு எருமைக்காரி இருளாயிக்குச் சொல்லியனுப்பினார். அவள் தோள் நிறையக் கயிறோடு அவர் அலுவலகத்துக்கு வந்தாள்.

“எருமை மேஞ்சாத்தான் புல்லு அடங்குமாம்மா. ஆராய்ச்சிக்காரங்க எழுதிட்டாங்க.”

“இதத்தானய்யா அன்னைக்கு ஒங்க கால்ல விழுந்து சொன்னேன்?”

“அதான் இப்ப அனுமதி குடுத்தாச்சே. ஏழு எருமையையும் எறக்கு.”

இருளாயி ஏழு கயிறுகளையும் அனுமதிக் கடிதத்தின்மேல் போட்டாள். காய்ந்த சேறு மேசையெங்கும் உதிர்ந்தது.

“மேய எடமில்லாம அடிமாட்டு லாரியில ஏத்திவிட்டேன். கயித்த மட்டும் அவுத்துக்கிட்டேன்.”

ரேஞ்சர் எழுந்தார். அவள் ஒரு கயிற்றை எடுத்துச் சுருக்கை விரித்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“புல்லு நெறையக் கெடக்கு. கழுத்த நீட்டுங்கய்யா.”