கால் பதிந்த கல்

பதினோராயிரத்து நானூறு ரூபாய். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக் குடித்துத் தீர்த்துவிட்டு, வேலைக்கு வராமல் போன தனவேல் வைத்த பாக்கி அது. இதையும் அவன் அம்மா பூங்காவனம்தான் செங்கல் அறுத்துக் கழிப்பாள் என்று மேஸ்திரி நினைத்திருந்தார். இதுவரை அப்படித்தான் நடந்தது.

அவள் குடிசையில் ஒரு செங்கல் இருந்தது. சின்ன வயதில் அவன் மிதித்த ஈரக்கல். மிதிபட்ட கல்லைத் திரும்பக் குழைத்துவிடுவதுதான் வழக்கம். அவள் அதைச் சூளையில் வைத்துச் சுட்டு எடுத்துக்கொண்டாள். ஐந்து விரலும் தெரியும். பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய கால் என்று, பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும்.

பூங்காவனம் லாரியில் கல் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில் தனவேல் வந்து நின்றான்.

"எம்மா, இந்த ஒரு தடவ ஏத்துக்க. நீ படிக்க வெச்சிருந்தா நான் ஏன் இப்படி ஆவுறேன்?"

"வெச்சிருக்கணும்தான்டா. முடியல. அதுக்குத்தான் இத்தன வருசமா உன் கடனக் கழிச்சேன். உனக்குத் தலை நரைக்குது. இன்னும் மண்ணுல வெளையாடுற புள்ளையாட்டம் நிக்கிற."

மேஸ்திரி சிரித்தார். "பெத்த கடன் விடுமா, பூங்காவனம்?"

"என் கடன் தீந்துபோச்சு மேஸ்திரி. இது அவன் கடன். அவனையே கேளுங்க."

குடிசைக்குள் போய் அந்தக் கல்லை எடுத்து வந்தாள். லாரி மேல் நின்று கல் அடுக்கிக்கொண்டிருந்த ஆளிடம் வீசினாள். அவன் அதைப் பார்க்காமலே மற்ற கற்களோடு அடுக்கினான். மேஸ்திரி அவளை விட்டுத் தனவேலைப் பார்த்தார்.

அவள் அடுத்த கல்லை வாங்கக் கை நீட்டினாள். எடுத்துக் கொடுக்கக் கல் குவியலின் பக்கத்தில் நின்றிருந்தவன் தனவேல்தான்.